மல்லிக்குக் கத்தி, டிசம்பருக்குத் தவணை

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பன்னிரண்டு அடி கொல்லை, மாடியில் 32 தொட்டி. இப்போது கொல்லை முழுக்க டிசம்பர் பூதான். ஊதா, வெள்ளை, கோடு போட்டது என்று தினமும் காலையில் கூடை நிறையப் பறிக்கிறேன். பந்தலில் அவரை பூத்துக் காய்க்கிறது. ஒரு ஓரத்தில் கேந்திப் பூ (செண்டுமல்லி) முடியப் போகிறது. கார்த்திகையில் நர்சரியில் பூவோடு வாங்கிய ஆறு சாமந்தித் தொட்டி இப்போது கருகுகிறது. நாலு வருஷத்துக் குண்டுமல்லி ஒன்று ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. இலையைத் தவிர எதுவும் இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். அதற்குக் கிழக்கே ஒரு முருங்கை மரம் உண்டு. சித்திரைக் கடைசியில் மகளுக்கு வளைகாப்பு. அதற்குள் வீடு பூத்துக் குலுங்க வேண்டும் என்று ஆசை. இன்னும் இருபது தொட்டி வாங்கலாமா? டிசம்பர் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய் என்கிறார் கணவர். மல்லியை வெட்டிவிடலாமா என்றால், மார்கழியில் பூச்செடியில் கத்தி வைக்காதே என்கிறார் மாமியார். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். யார் சொல்வதைக் கேட்பது?”

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். மகளுக்கு முதலில் என் வாழ்த்து.

கணவர் பிடுங்கு என்கிறார், மாமியார் வெட்டாதே என்கிறார், நீங்கள் வாங்கலாமா என்கிறீர்கள். என் பதிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்: மல்லியை வெட்டுங்கள், டிசம்பரைப் பிடுங்காதீர்கள், தொட்டி வாங்காதீர்கள். தோட்டக்கலைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். சித்திரையில் பூ வேண்டும் என்று கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் பங்குனியில்தான் வந்தார்கள். அப்போது நர்சரிக்கு வழி காட்டுவதைத் தவிர நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் மார்கழியிலேயே கேட்டுவிட்டீர்கள். நாலு மாதம் கையில் இருக்கிறது.

உங்கள் கொல்லையில் இரண்டு கூட்டம் இருப்பதை முதலில் பாருங்கள். ஒரு கூட்டம் இரவு நீள்வதை வைத்துப் பூப்பது. சாமந்தியும் கொடி அவரையும் அப்படித்தான். ஆடியில் விதைத்த அவரை புரட்டாசி வரை வெறும் கொடியாகப் படர்ந்துவிட்டு, பகல் சுருங்கியதும் பூவெடுப்பது இதனால்தான். டிசம்பர் பூ அந்த மாதத்தின் பெயரையே வாங்கிக்கொண்டுவிட்டது. இன்னொரு கூட்டம் வெயிலுக்குக் காத்திருப்பது. அதற்குத் தலைவி குண்டுமல்லி. பனியில் அது மொட்டெடுக்க மனசு வைக்காது. உங்கள் வீட்டில் மட்டுமல்ல, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கும் இதே கதைதான். பொங்கல் நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதற்குக் கூட்டம் ஒரு காரணம், செடியில் மொட்டு இல்லாதது இன்னொரு காரணம். அதனால் தை மாதத்து மல்லிச் செடியைப் பார்த்து ஏங்க வேண்டாம். அது ஓய்வில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலையைச் செய்தால் போதும்.

ஆனால் உங்கள் மல்லிக்குப் பனியைத் தவிர வேறு குறைகளும் இருக்கின்றன. ஆள் உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். போன கோடையிலும் கைப்பிடிப் பூதான் கிடைத்திருக்கும், சரிதானே?

குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சி எவ்வளவு தடித்தாலும் அதிலிருந்து புதுக்கிளை வந்தால்தான் பூ. வெட்டாமல் விட்ட செடி உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். நீங்கள் ஊற்றும் கடலைப் புண்ணாக்கில் ஏழு சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தலா ஒன்றரை சதவீதம் அளவில்தான். மல்லிக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இதற்கு நேர்மாறு: செடி ஒன்றுக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. நீங்கள் இலைக்குச் சாப்பாடு போட்டீர்கள், அது இலையைக் கொடுத்தது. செடியின் மேல் தப்பே இல்லை. போதாததற்குக் கிழக்கே முருங்கை. காலை வெயில் விழாத மல்லி பூப்பதை நான் பார்த்ததில்லை.

இனி கத்தி. வியாபாரத்துக்கு மல்லி போட்டவர்கள் நவம்பர் கடைசி வாரத்திலேயே, அதாவது கார்த்திகை பாதியிலேயே, கவாத்து செய்துவிடுவார்கள். அந்தத் தேதி உங்களுக்குத் தவறிவிட்டது. தவறியதே நல்லதாகப் போயிற்று: அப்போது வெட்டினால் பங்குனி தொடக்கத்தில் மொட்டு வரும், உங்களுக்கு வேண்டியதோ சித்திரைக் கடைசி. எனவே மாமியார் சொல்படி மார்கழியில் கத்தி வைக்காதீர்கள். பொங்கல் முடியட்டும். காணும் பொங்கலுக்கு மறுநாள் வெட்டுங்கள். பங்குனிக் கடைசியில் முதல் மொட்டு தட்டும். சித்திரையில் நன்றாகப் பிடிக்கும். மாமியார் பேச்சும் நின்றது, உங்கள் வேலையும் ஆயிற்று.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். வெட்டும் நாளில் செடி சற்று வாடியிருந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டும். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டமாக வெட்டுங்கள். அரிவாள்மனையும் சமையலறைக் கத்தியும் வேண்டாம். குச்சி நசுங்கிப் பிளந்துபோகும். நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்குக் கவாத்துக் கத்தரி கிடைக்கும். ஒவ்வொரு குச்சியிலும் இலை ஒட்டியிருந்த கணுவைப் பாருங்கள். கடுகு அளவுக்கு ஒரு முளை தெரியும். அதற்கு ஒரு விரல் மேலே, தண்ணீர் தங்காதபடி சாய்வாக ஒரு வெட்டு. பிறகு உள்ளே கையை விட்டு, ஈர்க்குச்சி போல மெலிந்தவை, காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடலாம். முடித்தபின் செடி மொட்டையடித்த பிள்ளை மாதிரி நிற்கும்.

அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் பல வீடுகளில் சண்டை வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி வீட்டுச் செடியை நானே நின்று வெட்டினேன். “பிள்ளை மாதிரி வளர்த்தேன், கொன்னுட்டியேப்பா” என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சித்திரை பிறந்து பத்து நாளில் ஒரு பையன் வாழையிலையில் சுற்றிய பூப்பந்து ஒன்றை அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தான். யார் கொடுத்தது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் மாமியாரிடம் வெட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லி வையுங்கள்.

வெட்டிய அன்றே செடியைச் சுற்றி ஒரு அடி தள்ளி மண்ணைக் கொத்திவிடுங்கள். வேர் தெரிந்தால் இரண்டு நாள் காற்றாட விடலாம். பிறகு மக்கிய தொழுஉரம் பத்து கிலோ, சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 120 கிராம் போட்டு மூடுங்கள். வருஷத்துக் கணக்கில் பாதி இது; மீதிப் பாதியை ஆனியில் கொடுத்தால் போதும். கடையில் மலிவாக இருக்கிறதென்று மியூரியேட் ஆஃப் பொட்டாஷைக் கையில் திணிப்பார்கள். உங்கள் தண்ணீரே உப்பு, அதில் இந்த உப்பும் சேர வேண்டாம். யூரியா தேவையில்லை. நீங்கள் நாலு வருஷமாக ஊற்றிய புண்ணாக்கே அந்தப் பங்கைப் பார்த்துக்கொள்ளும். இனி ஆனி வரை புண்ணாக்குக் கரைசலுக்கும் விடுமுறை.

தளிர் வந்தபின் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பக்கத்துக் கரிசலிலும் சுண்ணாம்பு கலந்த மண்ணிலும், உப்புத் தண்ணீர் சேரும்போது, தளிர் வெளுத்துவிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. இதற்கு எருவைக் கூட்டி என்ன பயன்? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்பதை உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்பார்கள். உரக்கடைச் சரக்கையே வாங்குங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலை நனைய, மாதம் ஒருமுறை தெளித்தால் பச்சை திரும்பும். கரைத்த அன்றே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் துருப்பிடித்த நிறமாகிக் கெட்டுப்போகும்.

மொட்டு வந்தபின் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று மொட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் புழு. இன்னொன்று கொசு மாதிரி சின்ன ஈ. அது முட்டையிட்ட மொட்டு ஊதா நிறமாகி, விரியாமல் உதிரும். ஒரே ஒரு செடிக்கு மருந்துக் கடை வரை போக வேண்டியதில்லை. ஓட்டை விழுந்ததையும் ஊதா தட்டியதையும் தினம் பறித்துத் தீயில் போடுங்கள். உதிர்ந்ததைச் செடியடியில் கிடக்கவிடாதீர்கள், அந்த ஈயின் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைச் சாறு, லிட்டருக்கு 50 கிராம் கொட்டை இடித்து ஊறவைத்து வடிகட்டியது.

பக்கத்து வீட்டில் பிச்சியோ முல்லையோ இருந்தால், இதே தேதியில் வெட்டச் சொல்லிவிடாதீர்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றின் நாள் இன்னொன்றுக்கு ஆகாது.

சரி, டிசம்பருக்கு வருவோம். கணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் செடி இடத்தை அடைக்கும், மழை முடிந்தால் கால் வைக்க இடமில்லாமல் சாயும். ஆனால் இப்போது பிடுங்கினால் இன்னும் ஒரு மாதத்துப் பூ போய்விடும். வாசம் இல்லாத பூ என்று யாரும் மதிப்பதில்லை. எனக்கென்னவோ பனி நீரோடு பறித்த டிசம்பர் பூவை வாழைநாரில் நெருக்கிக் கட்டிய சரத்துக்கு ஈடாக மார்கழியில் வேறொன்றும் தோன்றுவதில்லை. அதன் கெட்ட குணம், பறித்து இரண்டு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் கசங்கிய தாள் மாதிரி ஆகிவிடுவது. நீங்கள் கூடை நிறையப் பறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஈரத்துணி விரித்துப் பறிக்கிறீர்களா?

மாசி பாதியில் பூ தானாகக் குறையும். அப்போது தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டுங்கள். எரு போட வேண்டாம், வாரம் ஒரு தண்ணீர் போதும். கோடை முழுக்க அது சும்மா இருந்துகொள்ளும், ஆடிக்கு மேல் தழைக்கும். இப்படி வெட்டினால் கொல்லையில் பாதி இடம் கணவருக்குக் கிடைத்துவிடும். வெட்டிய குச்சிகளில் பென்சில் பருமனில் இருப்பதைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் நிழலில் ஊன்றுங்கள். கோடு போட்ட ரகத்தைப் பெருக்க விரும்பினால் குச்சிதான் வழி, தாய்ச்செடியின் நிறம் அப்படியே வரும். காய் வெடித்துச் சிதறி முளைக்கும் கன்று என்ன நிறம் காட்டும் என்பது அடுத்த மார்கழியில்தான் தெரியும்.

சாமந்தி விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சித்திரைக்கு அதில் பூ கிடையாது. பூவோடு வாங்கியவை கருகுவது உங்கள் கைராசியால் அல்ல. நர்சரியில் பூக்கும் வயதுக்கு வளர்த்து, விற்கும் வாரத்தில் உச்சத்துக்கு வரும்படி கொண்டுவந்த செடிகள் அவை. பூ முடிந்ததும் மண்ணிலிருந்து நாலு விரற்கடை விட்டு வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். கோடைக்கு அந்தத் தொட்டிகளை வெயில் சாயும் நிழலில் வைத்து உயிரை மட்டும் காப்பாற்றுங்கள். ஆனியில் கன்றுகளை வேரோடு பிரித்து நட்டு, நாலு வாரம் கழித்து நுனியைக் கிள்ளினால், ஆறு தொட்டி இருபது தொட்டியாகும். அவ்வளவும் கார்த்திகைக்குப் பூக்கும்.

அப்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். என் வீட்டில் நடந்தது இது. இரண்டு வரிசை சாமந்தி, ஒரே நாளில் நட்டவை, ஒரே எரு. கார்த்திகையில் சுவரோர வரிசை மஞ்சளாகப் பூத்துவிட்டது. வாசல் பக்கத்து வரிசை பச்சையாகவே நிற்கிறது, ஒரு மொட்டுக்கூட இல்லை. முப்பது வருஷத் தோட்டக்கலை அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் எருவைக் குறை சொன்னேன், நாற்றைக் குறை சொன்னேன், கடைசியில் மண்ணைப் பரிசோதனைக்கே எடுத்துவிட்டேன். மனைவிதான் ஒரு ராத்திரி கதவைத் திறந்தபடி சொன்னாள்: “உங்க பையன் மாட்டின லைட்டு விடிய விடிய இதுங்க தலையிலதானே எரியுது?” திருட்டுப் பயத்துக்குப் புரட்டாசியில் மாட்டிய எல்.இ.டி. விளக்கு. இரவை எண்ணிப் பூக்கும் செடிக்கு நாங்கள் இரவையே காட்டவில்லை. விளக்கைத் திருப்பி வைத்தோம். மொட்டு வந்தது, ஆனால் தை பிறந்தபிறகு. உங்கள் சாமந்தியைத் தெருவிளக்கு படாத பக்கம் வையுங்கள்.

அவரையைப் பற்றி அதிகம் இல்லை. காய்ப்பு குறைந்தாலும் மாசி வரை விட்டுவையுங்கள். முற்றிய நெற்று நாலைக் கொடியிலேயே காயவிட்டு, வரும் ஆடிக்கு விதை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலை மட்டும் பிரிக்க வேண்டாம். தைக் கடைசியில் அதன் காலடியில் இரண்டு குழி பீர்க்கன், இரண்டு குழி புடலை ஊன்றிவிட்டால், அவரை விலகும் நேரத்துக்கு இவை ஏறிவிடும். புடலையின் வெள்ளைப் பூ அந்தி நேரத்தில் நூல் நூலாக விரியும், பார்த்திருப்பீர்கள். பீர்க்கன் அதே நேரத்தில் மஞ்சளாகப் பூக்கும். வளைகாப்புக்கு வருபவர்கள் கொல்லையில் உட்கார நிழலும் ஆயிற்று. பனிக்காலத்தில் இந்த இளங்கொடிகளின் இலையில் மாவு தெளித்த மாதிரி சாம்பல் நோய் வரும். மாலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், காலையில் காலடிக்கு ஊற்றினால் பாதி நோயைத் தவிர்க்கலாம்.

இப்போது உங்கள் இருபது தொட்டி. இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், மன்னியுங்கள். சித்திரை வெயிலில் மாடியில் இருக்கும் நடுத்தரத் தொட்டி ஒன்று ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். இப்போதிருக்கும் 32 தொட்டிக்கு 80 லிட்டர். குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் ஐந்தரைக் குடம். இன்னும் இருபது வாங்கினால் 130 லிட்டர், எட்டு ஒன்பது குடம். நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரில், வளைகாப்பு வேலைகளுக்கு நடுவில், தினமும் ஒன்பது குடம் மாடிக்கு யார் தூக்குவது? நர்சரிக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். தை மாதம் அங்கே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் பெட்டூனியா, டயான்தஸ், டேலியா எல்லாம் குளிருக்குப் பூப்பவை. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். மாசி தாண்டி உங்கள் ஊர் வெயிலில் நிற்காது.

எனக்குத் தோன்றுவது இது: 32-ஐ 24 ஆக்குங்கள். செத்ததையும் சாகப் போவதையும் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதைப் போல வீண் வேலை வேறில்லை. அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டி, வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து சாக்கில் கட்டி வையுங்கள். புது மண் வாங்கத் தேவையிருக்காது. மிஞ்சிய தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படலம் கட்டியிருக்கும். அது உங்கள் போர்த் தண்ணீரின் உப்பு. நல்ல தண்ணீர் வரும் நாட்களில் ஒரு சுற்று, அடி ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். மழைக்குப் பிறகு செடி திடீரென்று பளிச்சென்று ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதன் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து வெளியேறுவது அதில்தான். அரிசி, பருப்பு கழுவிய நீர் தாராளமாக ஊற்றலாம்.

பொங்கலுக்கு வாங்கும் கரும்பின் தோகையை யாரும் தெருவில் வீசவிடாதீர்கள். பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்குங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். அரை அடித் துண்டுகளாக நறுக்கி மல்லியடியிலும் தொட்டிகளிலும் மூன்று அங்குலம் பரப்பினால், இரண்டு நாளைக்கு ஊற்றும் தண்ணீர் மூன்று நாளைக்கு வரும். எறும்பு வருமே என்பீர்கள். வெயிலில் ஒரு வாரம் காய்ந்தபின் போட்டால் வராது. அப்புறம், பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கு. அதை மணலில் புதைத்து நிழலில் வையுங்கள், வைகாசியில் நடலாம்.

சரி, வளைகாப்புக்கு எதுதான் பூக்கும்? நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜினியா விதைத்த ஐம்பது அறுபது நாளில் பூக்கும். எனவே மாசிக் கடைசியில் ஒரு தடவை, பங்குனி பத்தாம் தேதி வாக்கில் ஒரு தடவை விதைத்தால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று நாளுக்கு வந்து சேரும். கோழிக்கொண்டைக்கு நாள் கூடுதலாக வேண்டும், தைக் கடைசியிலேயே நாற்று விட்டுவிடுங்கள். மாடியின் மிகச் சூடான மூலைக்குப் பத்துமணிப் பூ. அதற்குக் காசு கொடுத்து வாங்காதீர்கள். யார் வீட்டிலாவது விரல் நீளம் கிள்ளி வந்து மண்ணில் செருகினால் போதும். அகலமான பழைய பேசினில் நாலு நிறம் கலந்து வைத்தால் வெயில் ஏற ஏறக் கண்ணைப் பறிக்கும்.

பணம் செலவழிக்க வேண்டும் என்றே இருந்தால் கனகாம்பரத்துக்குச் செலவழியுங்கள். டெல்லிக் கனகாம்பரம் என்று கேட்டு, பத்துக் கன்று, தை மாதத்திலேயே. அது விதை பிடிக்காத ரகம், குச்சியில் வந்த கன்றாகத்தான் கிடைக்கும். கேந்தி முடியும் அந்த ஓரத்திலேயே நடுங்கள். கனகாம்பரத்தின் பெரிய சாபம் வேரில் விழும் நூற்புழு. நன்றாக இருந்த செடி காரணமே தெரியாமல் வாடும். கேந்தியின் வேர் அந்தப் புழுவை அடக்கும். கேந்திச் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு, வேரை மண்ணிலேயே மக்கவிடுங்கள். கேந்தியில் நல்ல பெரிய பூ இரண்டைச் செடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மல்லிச் செடியை வைத்து வீட்டு விசேஷத்துக்குப் பூ எடுக்க முடியாது. வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சந்தைக்குத்தான் போக வேண்டும். மகளின் தலைக்கு வைக்கும் பூ மட்டும் வீட்டுப் பூவாக இருக்கும். அன்று விடிவதற்கு முன் எழுந்து, விரியாத, வெள்ளை ஏறிய மொட்டாகப் பார்த்துப் பறியுங்கள். பச்சையாக இருப்பதை விட்டுவிடுங்கள், அது மறுநாளுக்கு. பறித்ததை ஈரத்துணியில் சுற்றி வைத்து, மல்லி இரண்டு, கனகாம்பரம் ஒன்று என்று உங்கள் மாமியாரையே கட்டச் சொல்லுங்கள்.

முருங்கையை மறந்துவிட்டேன். மரத்தையே மொட்டையடித்துவிடாதீர்கள், தையில் பூவெடுத்தால்தான் பங்குனி, சித்திரையில் காய். மல்லிக்கு வெயிலை மறைக்கும் இரண்டு மூன்று கிளைகளை மட்டும், மல்லியை வெட்டுவதற்கு முந்தின நாள் இறக்குங்கள். பிறகு இறக்கினால் புதுத் தளிர் மேல் விழும். மேலே யாரையும் ஏறவிட வேண்டாம், முருங்கை படக்கென்று முறியும். துரட்டி போதும். விழுந்த கிளையில் பூ இருக்குமே, அதை உருவி, முட்டை உடைத்து ஊற்றிப் பொரியல் செய்துவிடுங்கள்.